அசரீரியும் வானொலியும்

அசரீரி என்றால் உடலில்லாத குரல். புராணக் கதைகளில் அது அடிக்கடி எழும். கம்சன் தன் தங்கையைத் தேரேற்றி ஓட்டிச் செல்கிறான். வானிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. உடனே வாளை உருவுகிறான். பேசியது யார்? சொன்னதற்குச் சான்று என்ன? மறுத்துரைக்க வழி உண்டா? கதையில் எவரும் கேட்பதில்லை. வானிலிருந்து வந்தது, ஆகவே மெய். மெய், ஆகவே பணிந்து போ. அசரீரியின் அதிகாரம் அவ்வளவுதான்.

வானொலி அத்தகையதன்று. 1880களில் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்துக் காட்டினார். 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அந்த அலைகளைச் சுவர் கடந்து செல்ல வைத்தார். 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிச் சைகை அனுப்பினார். மனிதன் ஐயப்பட்டான், ஆராய்ந்தான், கண்டுபிடித்தான். எந்த முனிவரும் வரம் தரவில்லை. எந்த வேள்வியிலும் அது முளைக்கவில்லை.

ஆயினும் இந்தக் கருவிக்குத் தமிழ்நாட்டில் இரு பெயர்கள் போட்டியிட்டு வந்திருக்கின்றன. ஒன்று, மக்கள் வழங்கும் ‘வானொலி’. மற்றொன்று ‘ஆகாசவாணி’. 1935இல் மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தொடங்கிய நிலையத்தின் பெயர் அது. 1957இல் இந்திய அரசின் வானொலிக்கே பெயராக்கப்பட்டது. தமிழகம் எதிர்த்தது. 2023 மே திங்களில், ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்பதை விடுத்து எங்கும் ‘ஆகாஷ்வாணி’ என்றே வழங்குக என்று உத்தரவு வந்தபோது, எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. எங்கோ இருக்கும் இலண்டன் மாநகரத்து பி.பி.சி., 1941இல் தொடங்கிய தன் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டி, 2017இல் வானொலி ஒலிபரப்பு நிற்கும் வரை அப்பெயராலேயே பேசியது. இலண்டனுக்கு இனித்த தமிழ், டில்லிக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

பெயரைப் பற்றியா இத்தனை பேச்சு என்பார் சிலர். நம் வழக்கு பெயரோடு நிற்கவில்லை. ஆகாசவாணி என்ற சொல்லின் பொருளே அசரீரிதான். மாலை வேளையில் வானொலி படைக்கும் கலைவிருந்தில் கச்சேரி உண்டு, நாடகம் உண்டு, பண்பாட்டுச் சொற்பொழிவு உண்டு. அந்த விருந்து அசரீரியின் குணத்தோடு வருகிறதா, வானொலியின் குணத்தோடு வருகிறதா? இதுவே நம் கேள்வி.

கம்பம் பள்ளத்தாக்கு இக்கேள்வியை எழுப்ப ஏற்ற இடம். மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மேகமலைத் தொடர், வடக்கே பழனிமலை. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணை மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பிற்று; பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. 1950களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் அந்த நீரே மின்சாரமும் தந்தது. மின்சாரம் நுழைந்த ஊர்களில், ஊராட்சி மன்றத்துத் திடலில் வானொலிப் பெட்டியும் ஒலிபெருக்கியும் வந்தன. இன்று கோடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5 எண்ணில் வரும் கோடைப் பண்பலை, மலைத் தோட்டத்துக் கூலியாளின் கைப்பேசி வரை வந்து சேர்கிறது.

இதன் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. சபாவில் இடம் பிடிக்கக் காசு வேண்டும். முன்வரிசையில் அமர அந்தஸ்து வேண்டும். அலைக்கு அவை எதுவும் வேண்டா. அக்கிரகாரத்தையும் சேரியையும் அது ஒரே நொடியில் தொடுகிறது. தொட்டால் தீட்டு என்று சொல்லிக் கெட்ட நாட்டில், வேறுபாடின்றி எல்லாரையும் தொட்ட கலை வானொலி. 1930 முதல் 1938 வரை சென்னையில் வானொலியை நடத்தியது மாநகராட்சி. பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்து, வீட்டில் பெட்டி இல்லாதவனுக்கும் பாட்டுக் கேட்க வழி செய்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939இல் திருச்சி நிலையமும் எழுந்தன. கருவி சமத்துவமானது. கருவியின் வழியே வந்த கலையும் சமத்துவமானதா? ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

இசை

தோடியையும் காம்போதியையும் நாம் வெறுப்பவரல்லர். இராகத்துக்குச் சாதி கிடையாது. அதற்குக் காவல் நிற்பவர்கள்தாம் சாதியைக் கொண்டுவந்து சேர்த்தனர். நம் குறை, எது இசை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைப் பற்றியது.

1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி.வி. கேஸ்கர். சாத்திரிய இசையே மக்களை உயர்த்தும், திரைப்பாட்டு தாழ்த்தும் என்பது அவர் கொள்கை. அவர் காலத்தில் திரைப்பாடல்கள் வானொலியிலிருந்து ஓரங்கட்டப்பட்டன. மக்கள் என்ன செய்தனர்? உயர்ந்துவிட்டார்களா? குமிழைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர்! கொழும்பிலிருந்து வந்த தமிழ்க்குரல் பட்டிதொட்டியெல்லாம் உறவாயிற்று. தோல்வியை உணர்ந்த அரசு 1957 அக்டோபர் 3இல் ‘விவித பாரதி’யைத் தொடங்க நேர்ந்தது. கேட்பவனைக் கேளாமல் கேட்பவனுக்கு விருந்து வைத்தால், இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆர்மோனியத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1940இல் வானொலி நிலையங்களில் ஆர்மோனியத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. அது அன்னியக் கருவி என்றனர். நம் இசையின் கமகங்கள் அதில் ஒலிக்கா என்றனர். தாகூரே அதை விரும்பவில்லை. கமகம் பற்றிய வாதத்தில் உண்மை உண்டு. கட்டைகளில் அடைபட்ட சுரம் குழையாது. ஆனால் ‘அன்னியம்’ என்ற வாதம் நிற்குமா? வயலின் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலிருந்து வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கச்சேரி மேடையேறி, இன்று அது இல்லாமல் கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது. நிலையம் திறக்கும்போது நெடுங்காலம் ஒலித்துவந்த அடையாள இசையை அமைத்தவராகச் சொல்லப்படுபவர் வால்ட்டர் காஃப்மன். இட்லரின் கொடுமைக்குத் தப்பி பிராகு நகரிலிருந்து வந்த யூதர். நல்லதை எங்கிருந்தும் ஏற்கலாம் என்பதற்கு வானொலியின் முதல் ஒலியே சாட்சி! கமகத்துக்கு ஆகாது என்றால் இராக ஆலாபனைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாடக மேடையிலும் தெருவோரப் பாட்டிலும் உயிராயிருந்த கருவியை முப்பதாண்டுக் காலம் நிலையத்துக்கு வெளியே நிறுத்தியது ஏன்?

அந்த முப்பதாண்டுகளில் இதே பள்ளத்தாக்கில் நடந்ததைப் பாருங்கள். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், ஆர்மோனியமும் தம்பியரும் துணையாக, பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிச் சென்றார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தமிழர் நடுவே அவர் பாட்டு ஒலித்தது. ஏட்டில் எழுதாப் பாட்டு, ஏழையின் வழக்கைச் சொன்ன பாட்டு. அண்ணனுடன் சென்ற தம்பிகளுள் ஒருவர் இளையராஜா. 1976இல் அவர் திரையிசைக்கு வந்தார். 2025 மார்ச்சில் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். வயற்காட்டுப் பாட்டுக்கும் உலக அரங்குக்கும் இடையே சுவர் இல்லை என்று ஒரு மனிதர் வாழ்ந்தே காட்டிவிட்டார். ஆயினும் நிகழ்ச்சி நிரலில் சுவர் நிற்கிறது. கச்சேரி என்றால் ‘சாத்திரிய இசை’. நடவுப் பாட்டு, உறுமி, ஒப்பாரி, கும்மி என்றால் ‘கிராமிய இசை’. முன்னதற்குப் பாடியவர், பக்கவாத்தியம், இராகம், தாளம் என்று ஒவ்வொரு விவரமும் அறிவிக்கப்படும். பின்னதை ‘இன்னார் குழுவினர்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். உறுமிக்குத் தாளக் கணக்கு இல்லையா? ஒப்பாரிக்குப் பண் இல்லையா? கணக்கு இருக்கிறது, கணக்கில் சேர்க்க மனம்தான் இல்லை.

மொழியின் நிலையும் நாம் அறிந்ததே. தமிழ்நாட்டு மேடையில் தமிழில் பாடுக என்று கேட்பதற்கே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் காண வேண்டியிருந்தது. 1946இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடியதையொட்டி எழுந்த வைதீகக் கூச்சலைத்தான், ‘தீட்டாயிடுத்து’ என்ற தலைப்பில் இளைஞர் மு. கருணாநிதி ‘குடிஅரசு’ ஏட்டில் தோலுரித்தார். அதே விழாவின் பஞ்சரத்தினப் பாடல்களை வானொலி ஆண்டுதோறும் நேரலையாகத் தருகிறது. நான்கு தெலுங்கு, ஒன்று வடமொழி. தரட்டும், தியாகராசர் பெரும் இசைப்புலவர், ஐயமில்லை. அவருக்கு முன்பே தமிழில் கீர்த்தனை யாத்த முத்துத்தாண்டவருக்கும் அருணாசலக் கவிராயருக்கும் மாரிமுத்தாப் பிள்ளைக்கும் அதே மாலை, அதே மரியாதை எப்போது?

தமிழ் வந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. பாட்டின் மொழி மாறி, பொருள் மாறாவிட்டால் பயனென்ன என்று தமிழிசைக் கிளர்ச்சியின் நாட்களிலேயே கேட்டவர் தந்தை பெரியார். அந்தக் கேள்வி இன்னும் சுடுகிறது. 2024ஆம் ஆண்டுக்கான ‘சங்கீத கலாநிதி’ டி.எம். கிருஷ்ணாவுக்கு அறிவிக்கப்பட்டபோது, எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று, அவர் பெரியாரைப் புகழ்ந்தார் என்பது! பெருமாள்முருகன் எழுதிய பாட்டால் பெரியாரைப் பாடியவர் அவர். கடவுளைப் பாடினால் கலை, கடவுளை மறுத்த மனிதரைப் பாடினால் களங்கம் என்பதுதான் இசை இலக்கணமா?

நாடகம்

வானொலி நாடகத்தில் திரையில்லை, ஒப்பனையில்லை, பட்டாடையில்லை. குரல் ஒன்றே கருவி. அரசன் வேடமிட்டவன் எப்படி இருக்கிறான் என்று எவருக்கும் தெரியாது. அவன் சொல்வது சரியா என்பது மட்டுமே தெரியும். கருத்தைச் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த மேடை உண்டா?

கருத்துள்ள நாடகம் தமிழ்நாட்டில் இல்லாமலா போயிற்று? அண்ணாவின் ‘சந்திரோதயம்’, ‘நீதிதேவன் மயக்கம்’, எம்.ஆர். இராதாவின் நாடகங்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம் அலைமோதிற்று. 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது என்றால், அந்த மேடைக்கு இருந்த ஆற்றலை அளந்துகொள்ளலாம். தேனித் தொகுதி மக்கள் 1962இல் நாடகத்தில் வளர்ந்து திரையில் ஒளிர்ந்த எஸ்.எஸ். இராசேந்திரனைச் சட்டமன்றத்துக்கே அனுப்பிவைத்தார்கள். நாடகத்தைக் கேட்டுச் சிந்திக்கத் தெரியாத மக்களல்லர் நம் மக்கள்.

வானொலி நாடகம் சமயங்களைத் தாக்கக்கூடாது என்பது நிலைய விதி. தாக்க வேண்டாம், கேள்வி கேட்கலாமா? அங்கேதான் தயக்கம். ஒரே கதையை இரு விதமாகச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரம்’ காலட்சேபமாகவும் நாடகமாகவும் தலைமுறைகள் கேட்டது. நந்தன் ஏங்குகிறான், ஆண்டையிடம் கெஞ்சுகிறான், தில்லை வாசலில் காத்து நிற்கிறான்; இறுதியில் தீயில் மூழ்கித் தூய்மையடைகிறான். கேட்பவர் கண்ணீர் விடுகிறார். யாருக்காக? நந்தன் ஏன் தீயில் இறங்க வேண்டும், அழுக்கு அவனிடமா இருந்தது என்று அந்தக் கண்ணீர் கேட்பதில்லை.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதே காலட்சேப வடிவை எடுத்து, 1949இல் அண்ணாவின் கதையில் உருவான ‘நல்லதம்பி’ படத்தில் ‘கிந்தனார்’ நடத்தினார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்கினான். நந்தனுக்குக் கிடைத்தது நெருப்பு; கிந்தனுக்குக் கிடைத்தது இரயில் வண்டி. நந்தன் சோதியில் கலந்து மறைந்தான். கிந்தன் படித்து மனிதனாகித் திரும்பி வந்தான். அதே சுருதி, அதே ஜால்ரா. சிரிப்பு மட்டும் கூடுதல், சிந்தனையும் கூடுதல். பழைய வடிவத்தைக் கொல்லாமலே பழைய பொய்யைக் கொல்லலாம் என்பதற்கு இது சான்று. பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு, நந்தனுக்காக அழும் மாணவனைவிடக் கிந்தனோடு சிரிக்கும் மாணவன் நம்பிக்கை தருகிறான். மாலை நாடகத்துக்கு நாம் கேட்பது இந்தக் கிந்தன் பரம்பரையைத்தான்.

உரை

மூன்றாவது, பண்பாட்டுச் சொற்பொழிவு. பண்பாடு என்றவுடன் தலபுராணமும் விரத மகிமையும்தான் நினைவுக்கு வர வேண்டும் என்று யார் விதித்தார்? உழவு பண்பாடு இல்லையா? மருத்துவம் பண்பாடு இல்லையா?

1966இல் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு, ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பற்றித் தஞ்சை உழவரிடம் எடுத்துரைத்தது. விதை பரவிற்று, விளைச்சல் பெருகிற்று. உழவர்கள் அதற்கு ‘ரேடியோ அரிசி’ என்றே பெயர் வைத்தனர். கவனியுங்கள்: அது அசரீரி வாக்கன்று. விதையைப் போட்டுப் பார், விளைந்தால் நம்பு என்றது. உழவன் போட்டுப் பார்த்தான், விளைந்தது, நம்பினான். வானொலி வரலாற்றில் இதைவிடச் சிறந்த பண்பாட்டுச் சொற்பொழிவை நாம் அறியோம்.

இதே முறையில் பேசுவதற்குப் பொருளா இல்லை? கோடைக்கானல் மலையில் 1899 முதல் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு நகரும் விதத்தை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். 2019 டிசம்பர் 26இல் தமிழகத்தின் பல ஊர்களில் கதிரவன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அன்றும் கோயில் நடை சாத்தப்பட்டது. கருவுற்ற பெண்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டார்கள். சூரியனை நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் மலையும், வானொலி பரப்பும் மலையும் ஒன்றே! அந்த மலையடிவாரத்தில் இராகுவும் கேதுவும் இன்னும் ஆட்சி நடத்தினால், குற்றம் வானத்திலா, வானொலியிலா, நம்மிடமா?

தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. மலை என்னாகும், நீர் என்னாகும் என்று மக்கள் அஞ்சினார்கள், எதிர்த்தார்கள். அத்தகைய நேரத்தில் பண்பாட்டுரை என்பது என்ன? நியூட்ரினோ என்றால் என்ன, மலையைக் குடைந்தால் என்ன நேரும், ஆதரிப்பவர் சொல்வதென்ன, எதிர்ப்பவர் சொல்வதென்ன என்று இருதரப்பையும் ஒரே மாலையில், ஆடு மேய்ப்பவருக்கும் விளங்கும் தமிழில், கேள்வியும் விடையுமாக வைப்பது. அறிவியலின் பெயரால் வந்தாலும் அசரீரி அசரீரிதான். விளக்கம் சொல்லாத அறிவியலுக்கும் நாம் தலைவணங்க வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் 1932இலேயே வானொலியின் குறையைச் சுட்டினார். அது பேச மட்டும் செய்கிறது. கேட்பவனைப் பேச வைக்கவில்லை. ஒருவழிப் பாதையை இருவழியாக்குங்கள் என்பது அவர் கருத்து. நம் நாட்டில் 1995இல் உச்ச நீதிமன்றம், ஒலிபரப்பு அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அரசின் சொத்தும் அல்ல, வணிகரின் சொத்தும் அல்ல, பொதுமக்களின் சொத்து. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006 முதல் தொண்டு அமைப்புகளுக்கும் அந்த வாயில் திறந்திருக்கிறது.

தோழர்களே! ஊர்தோறும் படிப்பகம் கண்டு, ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்ட இயக்கம் நம்முடையது. அந்தப் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை வானொலிக்கு ஒதுக்குவோம். ஒரு மணிநேரம் கேட்போம். அடுத்த மணிநேரம் விவாதிப்போம். நல்ல நாடகம் வந்தால் பாராட்டி எழுதுவோம். மூடநம்பிக்கை வந்தால் சான்றோடு மறுத்து எழுதுவோம். நம் பாட்டிமார் நெஞ்சில் இருக்கும் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும், பாடியவர் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்து, ‘இன்னார் குழு’ என்று சுருக்காமல் ஒலிபரப்புங்கள் என்று நிலையங்களுக்கு அனுப்புவோம். ஏலக்காட்டுக்கு வண்டியேறும் பெண், தன் பாட்டைத் தன் பெயரோடு மாலை வானொலியில் கேட்கும் நாளே, அந்த அலை பொதுச்சொத்து என்ற தீர்ப்பு மெய்யாகும் நாள்.

தமிழில் ‘கேள்’ என்ற ஒரு சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியால் கேட்பதும் கேட்டல். வாயால் வினவுவதும் கேட்டல். அசரீரிக்கு முதல் பொருள் மட்டுமே தெரியும். இரண்டையும் அறிந்த மக்கள் முன்னே அது நெடுநாள் நிலைக்காது. ஆகவே, கேட்போம்!